வாசலில் விட்ட ஷூ

அந்த ஊரின் பெயர் என் வாயில் ஒழுங்காக நுழைந்ததே இல்லை. இத்தாலியில் ஜெனோவாவிலிருந்து ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் கடலோர ஊர். என் மகள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். நான் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்ததில் எனக்குக் கோபம் வந்து, இனி அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை என்று விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'கலர் ஊர்'. சேலையூரில் பக்கத்து வீட்டு அக்காவுக்குக்கூட இப்போது அப்படித்தான் தெரியும்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் பார்க்க வந்தவர் என் வீட்டுக்காரர்தான். ரயில்வேயில் ரிட்டயர் ஆன மனிதர், எந்த நாட்டு ரயிலைக் காட்டினாலும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். நான் போனது என் மகளைக் கூட்டிக்கொண்டு வர. மேல்படிப்புக்கு என்று போனவள், படிப்பு முடிந்ததும் ஜெனோவா துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் இன்ஜினியராகச் சேர்ந்து, "இன்னும் கொஞ்ச நாள்மா" என்று சொல்லியே வருஷங்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். சேலையூர் வீட்டில் மாடி எடுத்ததே அவளுக்காக. பாத்ரூமோடு சேர்ந்த அறை, மூன்று பக்கமும் ஜன்னல், துணி காயப்போட பால்கனி. வாராவாரம் நான் ஏறிப்போய்ப் பெருக்கி, ஜன்னல்களைத் திறந்து வைத்து, சாயங்காலம் மறுபடி போய் மூடிவிட்டு இறங்குவேன். போனில் எப்போது வருகிறாய் என்று கேட்டால் பிடி கொடுக்காமல் பேசுவாள். நேரில் உட்காரவைத்துக் கேட்டால் மழுப்ப முடியாது என்பது என் எண்ணம். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திக் காலம் தள்ளியவள் நான். பிள்ளைகளை எதிரே நிறுத்திக் கேட்டால் பதில் வந்துவிடும் என்பது என் அனுபவம்.

கிளம்புவதற்கு முன்னால் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். "அம்மா, இங்க எல்லாம் மேடும் கல்லும்தான். செருப்பு போட்டுக்கிட்டு வந்து கால உடைச்சிக்காதீங்க. ரெண்டு பேரும் நல்ல ஷூவா வாங்கிக்குங்க." மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் போய் வாங்கினோம். அவருக்குச் சாம்பல் நிறம் கிடைத்தது. என் அளவு என்று கடைக்காரர் எடுத்துப் போட்டது ஒன்றே ஒன்று, அதில் ஆரஞ்சு நிற லேஸ். பிறந்ததிலிருந்து நான் ஷூ போட்டதில்லை. புடவைக்கு அடியில் அந்த ஆரஞ்சு லேஸ் எட்டிப் பார்ப்பதைக் கண்டு என் வீட்டுக்காரர் கடையிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "போடப் போட லூசாயிடும்க்கா" என்றார் கடைக்காரர். ஆகவில்லை. ஏர்போர்ட்டில் வரிசையில் நிற்கும்போதே குதிகாலைக் கடிக்கத் தொடங்கிவிட்டது.

மகளின் விடுமுறை நாளில் கலர் ஊருக்குப் போனோம். சித்திரை வெயிலைச் சேலையூரிலேயே விட்டுவிட்டு வந்த எங்களுக்கு, அங்கே நடுப்பகல்கூட நம் ஊர் மார்கழிக் காலை மாதிரி இருந்தது. ஸ்டேஷனிலிருந்து படி இறங்கித் திரும்பினால் கடல். கடலை ஒட்டி வளைந்து போகும் கரை முழுக்க, ஒன்றோடொன்று தோளை இடித்துக்கொண்டு நிற்கும் உயரமான பழைய வீடுகள். மஞ்சள், காவி, ரோஸ், செங்கல் நிறம், வெந்தயக் கலர். தலைமுறை தலைமுறையாக மீன்பிடிக்கிறவர்களும் கப்பலில் போகிறவர்களும் குடியிருந்த வீடுகள் என்றாள் மகள். கடலிலிருந்து திரும்பி வருகிறவனுக்குத் தன் வீடு தூரத்திலேயே தெரிய வேண்டும் என்றுதான் ஆளுக்கொரு நிறம் அடித்தார்கள் என்று அங்கே சொல்வார்களாம்.

"நம்ம முடிச்சூர்ல புது பிளாட்டுக்கெல்லாம் அடிக்கிறாங்களே கலரு, அது பிளேன்ல போறவனுக்கே தெரியும்" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த வீடுகளில் ஒரு வேடிக்கை. பாதி ஜன்னல்கள் பொய். அண்ணாந்து பார்த்தால் பச்சை மரக்கதவும், மேலே பூவேலைப்பாடும், கதவின் நிழலும்கூடத் தெரியும். நன்றாக உற்றுப் பார்த்தால்தான் அது வெறும் சுவர், எல்லாம் பெயிண்ட் என்று புரியும். ஒரு ஜன்னலில் போர்வை காய்ந்துகொண்டிருக்கும், அதற்குப் பக்கத்து ஜன்னல் வரைந்தது. சுவர் மொட்டையாக இருந்தால் அழகாக இருக்காது என்று அந்தக் காலத்திலிருந்தே இப்படித் தீட்டுவது அந்தப் பக்கத்து வழக்கமாம். எது நிஜம், எது பெயிண்ட் என்று கண்டுபிடிப்பதிலேயே எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மகளும் அவள் அப்பாவும் என்னிடம் தோற்றுப் போனார்கள். அந்த ஒரு மணி நேரம் நான் வந்த காரியத்தை மறந்து சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, அதில் பொரித்த மீன் போட்டு மகள் வாங்கிக்கொண்டு வந்தாள். பார்த்தால் நெத்திலி! இவ்வளவு தூரம் விமானத்தில் வந்து நெத்திலி தின்கிறோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மிளகாய்த்தூள் இல்லை, மஞ்சள் இல்லை, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டு அப்படியே தின்ன வேண்டியதுதான். நல்லாத்தான் இருந்தது. எங்கள் பக்கத்துக் கோவளத்தில் படகு வந்ததும் மீனைக் கொட்டி ஏலம் விடும்போது, சுற்றி நிற்கும் கூட்டத்தில் முழங்கையைப் போட்டு உள்ளே புகுந்து நல்ல நெத்திலியாகப் பார்த்து எடுப்பது எனக்குக் கைவந்த வேலை. இவர் பையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலேயே நிற்பார். "உங்கம்மா இங்க இருந்தா இந்தக் கடைக்காரனுக்கே மீன் வாங்கிக் குடுப்பா" என்று மகளிடம் சொன்னார்.

சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைப்பாதையில் ஏறினோம். அந்த ஊரில் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. நடுவில் நம் கோவளம் போல மணல்வெளி எல்லாம் கிடையாது. பாதையின் இரண்டு பக்கமும் கல்லை அடுக்கிப் படிப்படியாகக் கட்டிய தோட்டங்கள், அதில் சாம்பல் பூத்த மாதிரி இலை வைத்த ஆலிவ் மரங்கள். சுவர் இடுக்கில் நம் ஊர் சப்பாத்திக்கள்ளி. ஒரு வீட்டு வாசலில் நம் காகிதப்பூ. ஓணான்கூட நம் ஓணானின் தம்பி மாதிரி ஒன்று கல்லின் மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. மேலே போகப் போக பைன் மரங்கள் வந்தன. கீழே கடல் பச்சையும் நீலமுமாக, அலையே இல்லாமல் கிடந்தது. அந்த வாசனையும் காற்றும் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. பிடித்துப்போனதாலேயே பயமும் வந்தது. இப்படி ஒரு இடத்தில் இருக்கிறவளைக் சேலையூர் கேம்ப் ரோடு டிராஃபிக்குக்கு எதைச் சொல்லி அழைப்பது?

ஒரு திருப்பத்தில் மர பெஞ்சு இருந்தது. கடிக்கிற ஷூவைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன்.

"எப்பதான் வரப்போற?"

அவள் கடலைப் பார்த்துக்கொண்டே, "கம்பெனியில பர்மனென்ட் பண்ணிட்டாங்கம்மா. நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். இனிமே இங்கதாம்மா" என்றாள்.

எதிரே நிறுத்திக் கேட்டால் பதில் வந்துவிடும் என்றேன் அல்லவா, வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கலாம். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, எனக்கு எல்லாமே கோபமாகத்தான் வெளியே வரும்.

"அப்ப அந்த மாடி ரூமுக்கு எதுக்குடீ ஜன்னல்? அடைச்சி பூசிட்டு, இந்த ஊர்க்காரனுங்க மாதிரி மேல பெயிண்ட்ல ஜன்னல் வரைஞ்சிடறோம். பாக்கறவங்களுக்கு ஆள் இருக்கிற மாதிரி தெரியும்ல?"

"அம்மா, ப்ளீஸ்."

"என்ன ப்ளீஸ்? முடிச்சூர்ல தண்ணி வந்து எல்லாம் போனப்பவே உன் மனச நான் பாத்துட்டேன். ஒரு சொட்டு கண்ணீர் விட்டியா நீ? உனக்கு நாங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

இதற்கு ஒரு வரி விளக்கம் வேண்டும். சேலையூருக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். சென்னையையே மூழ்கடித்த அந்தப் பெருவெள்ளத்தில் எங்கள் வீட்டுத் தரைத்தளம் முழுக்க மூழ்கியது. வெளியூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த அவள் எப்படியோ வந்து சேர்ந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு கதறினேன். அவளோ மரம் மாதிரி நின்றாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள், அவ்வளவுதான். அந்தக் குறை எனக்குள் கிடந்தது. அன்றைக்கு அந்த மலையில் வெளியே வந்துவிட்டது.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "நீங்க கீழ போங்க, நான் அப்புறமா வரேன்" என்றாள். நான் எழுந்து விடுவிடுவென்று இறங்கத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான் விழுந்து தொலைக்கப் போகிறேன் என்ற பயத்தில் என் பின்னாலேயே வந்தார்.

கீழே படகுத்துறையின் ஓரத்தில், பாறைமேல் ஒரு பெரிய பழைய சர்ச். கோபம் வந்தால் எனக்குப் போக்கிடம் அதுதான். எங்கள் சபை வேறு, அவர்கள் சபை வேறு, அதனால் என்ன, ஆண்டவர் ஒருவர்தானே. சேலையூரில் எங்கள் சர்ச்சில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். கை தானாக லேஸை அவிழ்த்தது. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் ஷூவோடுதான் போனார்கள். அது அவர்கள் பழக்கம். எங்களால் முடியுமா?

"நடு வாசல்ல விட்டா எவனாவது தடுக்கி விழுவான்" என்று என் வீட்டுக்காரர் இரண்டு ஜோடியையும் எடுத்துக்கொண்டு போனார். சர்ச்சின் பக்கவாட்டில் தண்ணீருக்கு இறங்கும் கல்படி இருந்தது. அதில் கடைசிப் படிக்கு முந்திய படியில், என்னுடையதையும் அவருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் நேராக வைத்தார். சாக்ஸை மடித்து உள்ளே செருகினார். காற்றில் பறந்துவிடப் போகிறது என்று தன் தொப்பியைக் கழற்றி ஒரு ஷூவுக்குள் சொருகினார். ரயில்வே ஒழுங்கு. பிறகு, சர்ச்சுக்குள் மணி அடிக்கக்கூடாது என்று போனை ஆஃப் செய்தார்.

உள்ளே தங்க வேலைப்பாடும் சரவிளக்குமாக ஒரே ஜொலிப்பு. வெறும் காலுக்குப் பளிங்குத் தரை ஜில்லென்று இருந்தது. கடித்த குதிகாலுக்கு இதமாகவும் இருந்தது. முழங்கால் போட்டு ஜெபம் செய்தேன். எப்படியாவது அவளை வீடு கொண்டுவந்து சேர்த்துவிடும் ஆண்டவரே, இதைத் தவிர நான் வேறொன்றும் கேட்கவில்லையே என்று. அழுகை அப்போதுதான் வந்தது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையை நீட்டினார். அங்கே வெகுநேரம் இருந்துவிட்டோம்.

வெளியே வந்தால் படிப் பக்கம் ஒரே கூட்டம். எல்லோரும் வட்டமாக நின்று கீழே எதையோ பார்த்து, தண்ணீரைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் படகைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோவளம்தான் ஞாபகம் வந்தது. படகு வந்திருக்கிறது, மீன் இறக்கியிருக்கிறார்கள்! அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷம், முழங்கையைப் போட்டு உள்ளே புகுந்தேன். இவரும் "ஏய், எங்க போற?" என்றபடி பின்னாலேயே.

நடுவில் மீன் இல்லை. எங்கள் ஷூக்கள் இருந்தன. அவற்றுக்கு முன்னால் என் மகள் படியில் மண்டியிட்டிருந்தாள். ஆரஞ்சு லேஸ் ஷூ ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

"என்னடீ ஆச்சு?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எழுந்து வந்து, தன் அப்பாவின் கையில் படபடவென்று அடித்தாள். "எங்க போனீங்க? எங்க போனீங்க ரெண்டு பேரும்? போன் ஏன் ஆஃப்? எத்தன தடவ கூப்பிட்டேன்? ஷூவ ஏன் இங்க வெச்சீங்க?" அந்த ஊரே கேட்கும்படி தமிழில் கத்தினாள். பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் உடம்பு முழுக்க நடுங்கியது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோதுகூட அவள் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் அடங்கியதும் சுற்றி நின்றவர்களுக்கு இத்தாலியனில் விளக்கினாள். எங்கள் வெறுங்காலைக் காட்டினாள், சர்ச்சைக் காட்டினாள். கூட்டத்தில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். படகு மறுபடி கயிற்றில் கட்டப்பட்டது. என் வயதிருக்கும் ஒரு பெண்மணி என் கன்னத்தைத் தட்டி என்னவோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"கடல் ஓரத்துல ஷூ மட்டும் கிடந்தா, இங்க அது நல்ல சேதி இல்லயாம்."

"நம்ம ஊர்ல வாசல்ல செருப்பு கிடந்தா ஆள் உள்ள இருக்காங்கன்னு அர்த்தம்னு சொல்லு அவங்ககிட்ட" என்றேன். மகள் அதைச் சொன்னாள். அந்தப் பெண்மணி தலையை ஆட்டி, என் ஷூவைக் குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தாள்.

திரும்பும் ரயிலில் அவள் எங்கள் இருவருக்கும் எதிரே உட்கார்ந்தாள். சுரங்கம், கடல், சுரங்கம், கடல் என்று வெளியே மாறி மாறி வந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனபின் அவளாகவே பேசினாள்.

"முடிச்சூர்லயும் இப்படித்தாம்மா. தாம்பரத்துல இருந்து நடந்தே வந்தேன். நம்ம தெரு முனையில இடுப்பளவு தண்ணி. கேட்டு கம்பியில டாடியோட செருப்பு ஒண்ணு மாட்டிக்கிட்டு ஆடிட்டு இருந்துச்சு. உங்க செருப்பு பக்கத்துல மிதந்துச்சு. கூப்பிட்டேன், யாரும் பதில் சொல்லல. உள்ளதான் இருக்கீங்க, தண்ணிக்குள்ள இருக்கீங்கன்னு நெனச்சேன். அப்புறம் எதிர்வீட்டு மொட்டை மாடியில இருந்து நீங்க கைய ஆட்டுனீங்க. அதுக்கு முன்னாடியே எனக்கு எல்லாம் முடிஞ்சி போச்சும்மா. அழறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல."

இத்தனை வருஷமாக அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பிடித்த ரயில்தான், ஆனால் அவர் ரயிலைப் பார்க்கவில்லை. நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஜெனோவா வரும்வரை அவள் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இட்லிப்பொடி அரைத்துக் கொடுத்தேன். அவள் அலமாரித் துணிகளை மடித்து வைத்தேன். கிளம்பும்போது பெட்டியில் எடை கூடிவிட்டது. "இந்த ஷூவ வெளிய எடுத்துடறேன். எப்படியும் கடிக்குது. தூக்கிப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுச் செருப்போடு விமானம் ஏறினேன். இவரும் தன்னுடையதை விட்டுவிட்டு வந்தார். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நாங்கள் இரண்டு பேராகத்தான் தாம்பரம் திரும்பினோம். வரவேற்க வந்த பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுவாரம் மாடிக்குப் போய் வழக்கம்போல் பெருக்கி, ஜன்னல்களைத் திறந்து வைத்தேன்.

போன மாதம் ஒருநாள் அவள் வேலை முடிந்து படியேறிக்கொண்டே வீடியோ காலில் பேசினாள். போனைக் கையில் தாழ்த்திப் பிடித்துச் சாவியைத் தேடியபோது, அவள் வீட்டுக் கதவும் வாசல் மிதியடியும் தெரிந்தன. மிதியடிக்குப் பக்கத்தில் அவர் ஷூ, அதற்குப் பக்கத்தில் ஆரஞ்சு லேஸோடு என் ஷூ. பக்கத்தில் பக்கத்தில், நேராக.

"என்னடீ, அத இன்னும் தூக்கிப் போடலயா?"

"இருக்கட்டும்மா."

"எதுக்கு வாசல அடைச்சிக்கிட்டு?"

சாவியைப் பூட்டில் போட்டபடியே அவள் சொன்னாள். "படியேறி வரும்போது பாப்பேன்ல. நீங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கிற மாதிரி இருக்கும்மா."

எப்போது வருகிறாய் என்ற கேள்வி எனக்கு நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கினேன். கண் நிறைந்து போனில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

"என்னோடது கடிக்கும்டீ" என்றேன். "அடுத்த தடவ நாங்க வர்றதுக்குள்ள ஒரு சைஸ் பெருசா வாங்கி அங்க வை."